வெள்ளிக்கிழமை கடைசி பாடவேளை: நாடகமா, சுவர் இதழா, தீக்குச்சியா?

ஆறாம் வகுப்பு, 38 பிள்ளைகள், வெள்ளிக்கிழமை கடைசி பாடவேளை, 40 நிமிடம். "இதை உங்க விருப்பப்படி நடத்திக்கோங்க டீச்சர்" என்று தலைமை ஆசிரியர் என்னிடம் கொடுத்து மூன்று வருடம் ஆகிறது. கால அட்டவணையில் அதற்குப் 'படைப்பாற்றல்' என்று பெயர் எழுதினோம். இந்த மூன்று வருடத்தில் ஓவியம், காகித மடிப்பு, தீக்குச்சி மாதிரிகள், நாடகம், சுவர் இதழ் என்று ஐந்தையும் செய்து பார்த்துவிட்டேன். ஐந்துக்கும் நேரம் கிடையாது. ஏதாவது ஒன்றிரண்டைத்தான் பிடித்துக்கொள்ள முடியும். புதிதாக இந்த இடத்துக்கு வரும் ஆசிரியர் கேட்டால், முதல் பருவம் முழுக்க நாடகம், காலாண்டு விடுமுறை முடிந்து வந்ததும் சுவர் இதழ் என்றுதான் சொல்வேன். ஏன் அப்படி, எந்த வகுப்புக்கு அது ஒத்துவராது என்பதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

முதல் வெள்ளிக்கிழமை நான் கொடுத்தது ஓவியம். ஆளுக்கு ஒரு ஏ4 தாள், "பிடித்ததை வரையுங்கள்" என்ற ஒரு வரி. அன்று மாலை தாள்களை மேஜையில் பரப்பிப் பார்த்தேன். 29 தாளில் இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், கீழே வளைந்து வரும் ஆறு, ஓரத்தில் ஒரு குடிசை, ஒரு தென்னை மரம். எங்கள் ஊர் காவிரிப் படுகையில் இருக்கிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் வயல்தான். மலையை நேரில் பார்த்த பிள்ளைகள் வகுப்பில் நாலைந்து பேர் இருந்தாலே அதிகம். இருந்தும் மலை வந்தது. ஏனென்றால் 'இயற்கைக் காட்சி' என்றால் அதுதான் என்று யாரோ, எப்போதோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த 29 மலைகளிலிருந்துதான் எனக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. பாடவேளையின் முடிவில் 38 பேர் செய்ததும் ஒன்றுபோல இருக்கிறதா? இருந்தால் அன்று நடந்தது பயிற்சி. பயிற்சி வேண்டியதுதான், அதற்கு மற்ற பாடவேளைகள் இருக்கின்றன. இந்த 40 நிமிடத்தில் பிள்ளை ஏதாவது ஒன்றைத் தானே முடிவு செய்திருக்க வேண்டும். அதோடு இன்னும் இரண்டு கேள்வி: கடைசி பெஞ்சுக்கு இதில் இடம் இருக்கிறதா? ஆசிரியரின் பையிலிருந்தும் வியாழக்கிழமை இரவிலிருந்தும் எவ்வளவு எடுத்துக்கொள்கிறது?

ஓவியத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் மனமில்லை. கோளாறு என் கேள்வியில் இருந்தது. அடுத்த வாரம் இப்படிக் கேட்டேன்: "உங்க வீட்டு அடுப்படியில மேல ஒரு பல்லி ஒட்டியிருக்கு. அதுக்கு என்ன தெரியும்? அதை வரைங்க." இதற்கு யாரிடமும் தயாராக ஒரு படம் இல்லை. கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் வந்தது பாருங்கள்! ஒரு பெண், சோற்றுப் பானையின் வாயை ஒரு பெரிய வட்டமாகப் போட்டு, பக்கத்தில் இன்னொரு வட்டம் போட்டு, அதன் நடுவே ஒரு நேர்கோடு இழுத்திருந்தாள். "அது என்னம்மா?" என்றேன். "எங்க அம்மா தலை டீச்சர், வகிடு." அந்தத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஆனாலும் ஓவியத்தை வாராவாரம் நடத்த எனக்குத் தயக்கம் இருக்கிறது. 24 வண்ணப் பெட்டி வைத்திருக்கும் பிள்ளையும், பக்கத்தில் கேட்டு வாங்கும் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த வித்தியாசம் தாளில் தெரிந்துவிடும். எல்லோருக்கும் கறுப்புப் பென்சில் மட்டும் என்று வைத்தால் இது தீரும். மாதத்துக்கு ஒரு முறை அப்படிச் செய்கிறேன்.

காகித மடிப்பு பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். வகுப்பும் தானாக அடங்கிவிடும். கோணம், சமச்சீர் எல்லாம் விரலாலேயே புரியும். ஆனால் ஒரு மடிப்பு தவறினால் கொக்கு கொக்காக வராது. சொன்னதைச் சொன்னபடி செய்வதுதான் அந்தக் கலையின் உயிர். அதைக் கணக்குப் பாடவேளைக்குக் கொண்டுபோங்கள், அங்கே அதற்கு நல்ல வேலை இருக்கிறது.

தீக்குச்சி விஷயத்துக்கு வருவோம். ஐஐடி கான்பூரில் பொறியியல் படித்த அரவிந்த் குப்தா, 1970-களின் பிற்பகுதியில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் பகுதிக் கிராமங்களுக்குப் போனார். அரசுப் பள்ளிகளில் செய்து பார்த்து அறிவியல் கற்கும் திட்டம் ஒன்று அங்கே 1972 முதல் நடந்துகொண்டிருந்தது. சைக்கிள் வால்வ் டியூபும் தீக்குச்சியும் வைத்து அவர் உருவாக்கிய இணைப்பு முறை இன்று நாடு முழுக்கத் தெரியும். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தார்கள்.

செய்முறை எளிது. வால்வ் டியூபைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, இரண்டு முனையிலும் மருந்து சுரண்டிய தீக்குச்சியைச் செருகினால் ஒரு மூட்டு தயார். மூன்று குச்சியைச் சேர்த்தால் முக்கோணம். எப்படி அழுத்தினாலும் வடிவம் மாறாது. நான்கு குச்சி சேர்த்துச் சதுரமாக்கி லேசாகத் தள்ளினால் அப்படியே சரியும். ஐங்கோணம் படகு மாதிரி உள்ளே மடங்கிக்கொள்ளும். இதைக் கையில் வைத்து அழுத்திப் பார்த்த பிள்ளைகள், ஜன்னல் வழியாக வயலில் நிற்கும் மின் கோபுரத்தைக் காட்டி, "டீச்சர், அதுல எல்லாமே முக்கோணம்!" என்று கத்தினார்கள். நான் சொல்லித் தரவில்லை.

முதல் வாரம் பத்துக் குழுவும் நான் செய்து காட்டிய வீட்டையேதான் செய்தன. இரண்டாவது வாரம் "வீடு மட்டும் கூடாது" என்றேன். அப்போதுதான் கையும் மூளையும் சேர்ந்து ஓட ஆரம்பித்தன. ஒரு குழு நெல் அறுக்கும் இயந்திரத்தின் முன்பக்கத்தைச் செய்தது. குச்சி போதாமல் பக்கத்துக் குழுவிடம் கடன் வாங்கி, கடைசியில் இரண்டு குழுவும் சேர்ந்து அதை முடித்தார்கள்.

இவ்வளவு நல்லதை நான் ஏன் முதலிடத்தில் வைக்கவில்லை? தயாரிப்புதான் காரணம். குழுவுக்கு 30 குச்சி, பத்துக் குழுவுக்கு 300. மருந்தை வகுப்பில் சுரண்டச் சொல்ல முடியாது, வீட்டில் நானே சுரண்ட வேண்டும். எங்கள் ஊர் சைக்கிள் கடை மூடிவிட்டதால் வால்வ் டியூபுக்கு டவுனுக்குப் போக வேண்டும். இரண்டு வாரம் செய்யலாம், இருபது வாரம் முடியாது. தவிர, அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளுக்கு 2022 நவம்பரில் வானவில் மன்றம் தொடங்கினார்கள். அறிவியலையும் கணக்கையும் செய்து பார்க்க அங்கே ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. பேசுவதற்கும் எழுதுவதற்கும்தான் நம் பிள்ளைகளுக்கு இடம் குறைவு. வெள்ளிக்கிழமையை அதற்குக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

நாடகம் என்றதும் ஆண்டு விழா மேடையை நினைத்துக்கொள்ள வேண்டாம். அங்கே வசனத்தை நாம் எழுதுகிறோம், பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள், ஒட்டு மீசை கீழே விழாமல் பார்த்துக்கொள்கிறோம். அதற்கு அழகு உண்டு, ஆனால் அங்கே பிள்ளை முடிவு செய்வது ஒன்றுமில்லை. நான் சொல்வது வகுப்பறை நாடகம். எழுதிய வசனம் கிடையாது, உடை கிடையாது, பார்க்க வெளியாள் கிடையாது. ஆறேழு பேர் கொண்ட குழு, பேசிக்கொள்ள ஐந்து நிமிடம், நடித்துக் காட்ட ஐந்து நிமிடம். 40 நிமிடத்தில் மூன்று குழுதான் முடியும், மற்ற மூன்று குழு அடுத்த வாரம். மரமாக நிற்பவர்கூட ஏதாவது ஒன்று செய்தாக வேண்டும் என்பது மட்டும் விதி.

பாட்டி வடை சுட்ட கதையிலிருந்து தொடங்கினேன். அது தெரியாத பிள்ளை இல்லை. காகம் பாடியது, வடை விழுந்தது என்ற பழைய முடிவும், வடையைக் காலில் இடுக்கிக்கொண்டு பாடிய புது முடிவும் அவர்களுக்குத் தெரியும். இரண்டிலும் பாட்டியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. "வடை போன பிறகு பாட்டி என்ன செஞ்சாங்க? அதை மட்டும் நடிச்சுக் காட்டுங்க" என்றேன்.

எங்கள் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். தமிழ்ப் புத்தகத்தை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். கேள்வி கேட்டால் எழுந்து நின்று தரையைப் பார்ப்பான். அன்று அவன்தான் பாட்டி. தரையில் குந்தி உட்கார்ந்தான். இல்லாத அடுப்பை ஊதினான், இல்லாத முந்தானையால் முகத்தைத் துடைத்தான். வடை கேட்டு வந்தவனிடம், "நேத்து வாங்கினதுக்கே இன்னும் காசு வரல. காக்கா தூக்கிட்டுப் போனதை நான் யார்கிட்ட போய்க் கேக்கறது?" என்றான். வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. அவனுடைய அப்பாயி கடைத்தெருவில் பலகாரக் கடை வைத்திருக்கிறார் என்று அப்புறம்தான் தெரிந்தது. ஐந்து மாதம் அவனுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். அவனுக்கு என்னவெல்லாம் தெரியும் என்று அந்த ஐந்து நிமிடத்தில்தான் கண்டுகொண்டேன்.

எழுத்து கைவராத பிள்ளையிடம் கற்பனையும் இல்லை என்று நாம் நினைத்துவிடுகிறோம். அந்த எண்ணத்தை உடைக்க நாடகத்தைவிட வேகமான வழி எனக்குத் தெரியவில்லை. செலவும் ஒரு பைசா இல்லை. நாடகத்தில் தொடங்குங்கள் என்று நான் சொல்வதற்கு இந்த இரண்டும்தான் காரணம்.

நாடகத்தில் சங்கடங்களும் உண்டு. சத்தத்தைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். பக்கத்து வகுப்பு டீச்சர் இரண்டு தடவை எட்டிப் பார்த்த பிறகு நாங்கள் வேப்ப மரத்தடிக்குப் போய்விட்டோம், அதோடு தீர்ந்தது. அதைவிடப் பெரியது வேறு ஒன்று. எதை நடிக்கச் சொன்னாலும் ஏதாவது ஒரு குழுவில் ஒருவன் தள்ளாடிக்கொண்டு குடிகாரராக வருவான், வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும். மூன்றாவது முறை அப்படி நடந்தபோது, ஒரு பெண் முழங்காலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நிமிரவே இல்லை. அவள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். தெரிந்தும் அதுவரை நான் யோசிக்காமல் இருந்தது தப்பு. ஒருவர் உடம்பையோ, நிறத்தையோ, சாதியையோ, வீட்டையோ வைத்துச் சிரிக்க வைக்கும் வேடம் எதுவும் கூடாது என்று அன்றே விதி போட்டேன். நாடகம் தொடங்கும் ஆசிரியர் முதல் நாளே இதைச் சொல்லிவிட வேண்டும். இன்னொன்று, நாடகம் முடிந்ததும் கையில் ஒன்றும் மிஞ்சாது. அன்று வராத பிள்ளைக்கு அது நடக்கவே இல்லாத மாதிரிதான்.

சுவர் இதழ் அந்த இடத்தில்தான் வருகிறது. பிரான்ஸின் தெற்கில் ஒரு கிராமப் பள்ளி ஆசிரியர், செலஸ்தேன் ஃப்ரெனே. முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டவர், நீண்ட நேரம் பேசினால் மூச்சு வாங்கும். பிள்ளைகளை வெளியே நடக்கக் கூட்டிப் போனார். திரும்பி வந்து பார்த்ததை எழுதச் சொன்னார். 1924-ல் ஒரு சின்ன அச்சு இயந்திரத்தை வகுப்புக்கே கொண்டுவந்து, பிள்ளைகள் எழுதியதைப் பிள்ளைகளையே அச்சுக் கோக்க வைத்தார். அடுத்த ஓரிரு வருடத்தில் அந்தத் தாள்கள் நாட்டின் மறுகோடியில் இருந்த இன்னொரு பள்ளிக்குத் தபாலில் போயின, அங்கிருந்தும் வந்தன. மதிப்பெண் போடும் ஆசிரியரைத் தவிர வேறு ஒருவர் தன்னை வாசிக்கிறார் என்று தெரிந்ததும் பிள்ளையின் எழுத்து மாறிவிடுகிறது. இதை நூறு வருடத்துக்கு முன்பே அவர் கண்டிருக்கிறார். நம்மிடம் அச்சு இயந்திரம் இல்லாவிட்டால் என்ன, சார்ட் தாளும் ஒரு சுவரும் இருக்கிறதே.

இதழுக்குப் பிள்ளைகள் வாக்கெடுத்து வைத்த பெயர் 'வரப்பு'. முதல் இதழில் என்ன வந்தது தெரியுமா? காமராசர் பற்றி ஒரு கட்டுரை, 'மரம் வளர்ப்போம்' என்று ஒரு கவிதை, ஏழு பொன்மொழிகள். மறுபடியும் இரண்டு மலையும் சூரியனும்தான். அடுத்த இதழுக்கு "புத்தகத்தில் இருப்பது எதுவும் வேண்டாம், இந்த வாரம் நீங்களே கண்ணால் பார்த்தது மட்டும்" என்றேன். ஒரு பெண் எழுதிக் கொடுத்தது இது:

"எங்க ஆட்டுக்கு மூணு குட்டி. ஆட்டுக்கு ரெண்டு காம்புதான் இருக்கு. மூணாவது குட்டிக்கு நான் புட்டியில் பால் குடுக்குறேன். அது என்னை அம்மான்னு நெனச்சுக்கிட்டு பள்ளிக்கூடம் வரைக்கும் வருது."

இதைத் திருத்துவதா? பேச்சுத் தமிழில் இருக்கிறது, நான் தமிழாசிரியை வேறு. அன்று ஒரு முடிவுக்கு வந்தேன். எழுத்துப் பிழையை மட்டும் பக்கத்தில் இருக்கும் தோழியும் அவளும் சேர்ந்து தேடட்டும். ர-ற, ல-ள-ழ, ந-ன-ண, இவ்வளவுதான். சொல்லும் வாக்கியமும் அவளுடையவை, அப்படியே போகும். சிவப்பு மை சுவர் இதழுக்குள் வரக் கூடாது. இலக்கணத்துக்கு வாரத்தில் வேறு பாடவேளைகள் இருக்கின்றன.

இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலான பள்ளிகளில் சுவர் இதழ் இதனால்தான் நின்றுபோகிறது. முதலில் சார்ட்டில் எழுதும் வேலையை நல்ல கையெழுத்துள்ள நான்கு பெண்களிடம் கொடுத்தேன். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் மற்ற 34 பேருக்கும் அது அந்த நால்வரின் இதழ் ஆகிவிட்டது. இப்போது ஆளுக்கு அரைத் தாள், அவரவர் கையெழுத்து, அதைச் சார்ட்டில் ஒட்டுவதோடு சரி. கோணல்மாணலாகத்தான் இருக்கும், ஆனால் தன் துண்டுத் தாளைத் தேடி 38 பேரும் வருகிறார்கள். இதழுக்கு இரண்டு சார்ட், கொஞ்சம் பசை, 50 ரூபாய்க்குள் முடிந்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஓர் இதழ்.

எங்கே மாட்டுவது என்பதும் முக்கியம். தலைமை ஆசிரியர் அறைக்கு வெளியே மாட்டியிருந்தவரை அங்கே நின்று வாசிக்கப் பிள்ளைகளுக்குப் பயம். சத்துணவு வரிசை நிற்கும் தாழ்வாரத்துக்கு மாற்றினோம். தட்டோடு நிற்கும் பத்து நிமிடத்தில் பள்ளி முழுக்க வாசித்துவிடுகிறது. கீழே ஒரு பழைய உறை ஒட்டி, சொல்ல நினைப்பதை எழுதிப் போடலாம் என்று வைத்தோம். எட்டாம் வகுப்பு அக்கா ஒருத்தி போட்ட சீட்டு: "மூணாவது குட்டி இப்ப எப்படி இருக்கு?" ஆட்டுக்குட்டிப் பெண் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். அடுத்த இதழில் குட்டி புல் கடிக்கத் தொடங்கியதைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினாள். தேர்வில் ஐந்து வரிக்கு மேல் எழுதாத பெண் அவள். தேறிய படைப்புகளை அடுத்து அனுப்பவும் இடம் இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறையே ஊஞ்சல், தேன்சிட்டு என்று பிள்ளைகளுக்கு இதழ் நடத்துகிறது.

'இதற்கெல்லாம் பரிசு வைத்தால் என்ன' என்று கேட்பார்கள். நானும் முதல் வருடம் வைத்தேன். அரசுப் பள்ளிகளில் 2022-23 முதல் நடக்கும் கலைத் திருவிழா, பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போய், கலையரசன், கலையரசி பட்டம் வரை கொடுக்கிறது. மேடையே பார்க்காத பிள்ளைகளை அது மேடை ஏற்றியிருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். விரும்புகிற பிள்ளையை அங்கே கட்டாயம் அனுப்புங்கள். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் பரிசைக் கொண்டுவர வேண்டாம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 1973-ல் வெளியான ஓர் ஆய்வு இதைப் பற்றியதுதான். மழலையர் பள்ளியில் வண்ணப் பேனாவால் வரைவதில் ஆசையுள்ள பிள்ளைகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவிடம் வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஒரு பிரிவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரம் கழித்துப் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுப் பார்த்தபோது, சான்றிதழுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான் அவற்றைத் தொட்டார்கள். என் வகுப்பில் ஆய்வெல்லாம் இல்லை, ஆனால் பரிசு வைத்த வருடம் "எத்தனை பக்கம் எழுதணும் டீச்சர்?" என்ற கேள்விதான் அதிகம் வந்தது. இப்போது அது வருவதில்லை.

என் பதில் எல்லா வகுப்புக்கும் பொருந்தாது. ஐந்து வகுப்பும் ஒன்றாக உட்காரும் ஈராசிரியர் பள்ளியில் வருடம் முழுக்க நாடகத்தையே வைத்துக்கொள்ளலாம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் சேர்ந்து செய்யக்கூடியது அதுதான். வேண்டுமானால் சின்னப் பிள்ளைகள் சொல்லச் சொல்ல ஆசிரியர் எழுதி மாட்டலாம். ஒன்பதாம் வகுப்புக்கு நேரமும் குறைவு, நடிக்கக் கூச்சமும் அதிகம், அங்கே நேரே சுவர் இதழ். அறிவியல் ஆசிரியர் ஒருவர் இதில் ஆர்வமாக இருந்தால் அவருக்குத் தீக்குச்சிதான் பொருத்தம், அவர் கையில் அது என்னிடம் இருந்ததைவிட நன்றாக வரும். உங்களுக்கே நாடகத்தில் கூச்சம் என்றால் அதைத் தொடவேண்டாம். நாம் நெளிவது பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும்.

எங்களைப் போன்ற ஆறு, ஏழாம் வகுப்பு என்றால், முதல் வெள்ளிக்கிழமைக்கு ஒன்றும் வாங்க வேண்டாம். பிள்ளைகளை மரத்தடிக்குக் கூட்டிப் போங்கள். பாட்டி வடை சுட்ட கதையை அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். வடை போன பிறகு பாட்டி என்ன செய்தார் என்று மட்டும் கேட்டுவிட்டு, ஐந்து நிமிடம் ஒன்றும் பேசாமல் இருங்கள். அநேகமாக எல்லாக் குழுவும் கம்பை எடுத்துக்கொண்டு காகத்தைத் துரத்தும். அடுத்த வாரம், துரத்தக் கூடாது என்று சொல்லிப் பாருங்கள்.